கடைசி அட்டையின் விலை



சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பெயரன் வாழப்பாடியில் என் இல்லத்தில் வந்து தங்கியிருந்தான். ஒருநாள் மாலை நான் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது என்னருகே வந்து, சற்றுத் தயங்கி, 500 ரூபாய் கடனாகக் கேட்டான். எதற்கு என்று வினவினேன். கைப்பேசியில் அவன் ஆடிவரும் விளையாட்டு ஒன்றில் 100 அட்டைகள் கொண்ட தொகுப்பு ஒன்று உண்டாம். அதனை முழுமையாகச் சேர்த்தால் பெருமை மிக்க பட்டம் ஒன்று கிட்டுமாம். "தொண்ணூற்று நான்கு வந்துவிட்டன, தாத்தா. இன்னும் ஆறுதான்!" என்றான்.

அந்த விளையாட்டின் முறையைக் கேட்டறிந்தேன். 20 ரூபாய் செலுத்தினால் மூடிய உறை ஒன்று கிடைக்கும். அதனுள் ஓர் அட்டை இருக்கும். எந்த அட்டை என்பது திறந்த பின்னரே தெரியும். முன்பே வந்த அட்டை மீண்டும் வரலாம். நூறு அட்டைகளுக்கும் வாய்ப்பு ஒன்றே. நண்பருடன் மாற்றிக்கொள்ள வழியில்லை. என் பெயரன் போட்ட கணக்கு இது: ஓர் அட்டைக்கு நான்கு முறை முயன்றாலும் ஆறு அட்டைகளுக்கு 24 முறை, 24 முறைக்கு 480 ரூபாய். ஆகவே 500 ரூபாய் போதும்.

கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையில்லை. ஆயினும் கணக்கு முற்றிலும் தவறு. எவ்வாறு தவறு என்பதையும், அத்தவற்றின்மீது எத்தகைய வணிகம் நடைபெறுகிறது என்பதையும் விளக்குவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

அட்டை சேர்க்கும் ஆசை புதியதன்று. 1880-களில் அமெரிக்காவில் சிகரெட்டுப் பெட்டிகள் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தனர். அவ்வட்டையில் நடிகையர், விளையாட்டு வீரர், கொடிகள் ஆகிய படங்களை வரிசையாக அச்சிட்டபோது, வரிசையை நிறைவு செய்ய விரும்பியவர்கள் அதே சரக்கையே திரும்பத் திரும்ப வாங்கினர். பிரித்தானியாவின் வில்ஸ் நிறுவனம் போன்றவை இதனைப் பின்பற்றின. பின்னர் சூயிங்கம், மிட்டாய், பிஸ்கட்டு ஆகியவற்றுடனும் படங்கள் வந்தன. நம் பக்கத்துச் சிறுவர்களுக்குச் சிவகாசித் தீப்பெட்டிப் படங்களே செல்வம். அப்படங்களைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தோம். ஆயினும் ஒரு காசும் செலவில்லை. பிறர் எறிந்ததைப் பொறுக்கினோம். இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து இல்லாததைப் பெற்றோம். இந்த இரண்டு வேறுபாடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவை பயன்படும்.

1993-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் வகுத்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டு, அட்டை சேர்த்தலையும் அட்டை ஆடுதலையும் ஒன்றாக இணைத்தது. அட்டைகளைச் சேர்த்தவரே அவற்றைக் கொண்டு எதிராளியுடன் மோதலாம். பின்னர் இம்முறை கணினிக்கும் கைப்பேசிக்கும் இடம் பெயர்ந்தது. 2014-இல் வெளிவந்த 'ஹார்த்ஸ்டோன்', 2024 அக்டோபரில் வெளிவந்த 'போக்கிமான் டிரேடிங் கார்டு கேம் பாக்கெட்' முதலியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டில் கிரிக்கெட் வீரர்களின் மின்னணு அட்டைகளும் விற்பனைக்கு வந்தன; வீரர்களின் பெயர்களையும் ஆட்ட விவரங்களையும் அவ்வட்டைகளில் யார் பயன்படுத்தலாம் என்ற வழக்கு ஒன்றில் 2023 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. 2022-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் எங்கள் வாழப்பாடி மைதானத்திலேயே நடைபெற்றமையால், இவ்வூர் இளைஞர்களுக்கு அத்தகைய அட்டைகளின்மீது ஆசை எழுவதில் வியப்பில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம்.

பெயரனுக்கு நான் அறிவுரை கூறவில்லை. பணம் தர மறுக்கவும் இல்லை. எங்கள் பகுதி பாக்குக்குப் பெயர் பெற்றது. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பாக்கில் பத்தினை எடுத்து, 1 முதல் 10 வரை எண் எழுதி, ஒரு மஞ்சள் துணிப்பையில் இட்டேன். "பார்க்காமல் ஒன்றை எடு. எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் பைக்குள் போட்டுக் குலுக்கு. பத்து எண்களும் ஒருமுறையேனும் வருவதற்கு எத்தனை தடவை எடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்" என்றேன். "பதினைந்து தடவை போதும்" என்று அவன் ஊகித்தான். முதல் ஆட்டம் 23 தடவையில் முடிந்தது. இரண்டாவது 44, மூன்றாவது 19, நான்காவது 31, ஐந்தாவது 26. சராசரி 28.6. இதனை நீங்களும் உங்கள் வீட்டில் புளியங்கொட்டைகளைக் கொண்டு செய்து பார்க்கலாம். ஓர் ஆட்டத்தை நம்பாதீர்கள். பல ஆட்டங்கள் ஆடிச் சராசரி காணுங்கள். அது 29-ஐ ஒட்டியே நிற்கும்.

ஏன் 29? ஒரு பகடையை உருட்டி ஆறு விழ வேண்டுமாயின், அதன் வாய்ப்பு ஆறில் ஒன்று. ஆகவே சராசரியாக ஆறு முறை உருட்ட வேண்டும். பொதுவாக, ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவு எவ்வளவோ, அப்பின்னத்தைத் தலைகீழாக்கினால் சராசரி முயற்சிகளின் எண்ணிக்கை கிடைக்கும். இவ்வொரு விதியே போதும்.

பையில் பத்துப் பாக்குகள். முதலில் எடுப்பது எதுவாயினும் புதியதே. அதற்கு ஒரு முயற்சி. அடுத்து, புதிய எண் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. சராசரி முயற்சி 10/9, அதாவது 1.11. மூன்றாவதற்கு 10/8, அதாவது 1.25. இவ்வாறே 10/7, 10/6 என்று செல்லும். இறுதியில் இரண்டு எண்கள் மட்டும் எஞ்சியிருக்கும்போது, வாய்ப்பு பத்தில் இரண்டு. சராசரி ஐந்து முயற்சிகள். ஒன்றே எஞ்சும்போது வாய்ப்பு பத்தில் ஒன்று. அதற்குப் பத்து முயற்சிகள். இவை அனைத்தையும் கூட்டினால் 29.29 வருகிறது. முதல் ஐந்து எண்களுக்கு ஆறரை முயற்சிகள் போதும்; பின் ஐந்து எண்களுக்கோ ஏறத்தாழ 23 வேண்டும். பாதி எண்கள் வந்துவிட்டன என்பதற்காகப் பாதி வழி வந்துவிட்டோம் என்று கொள்ளுதல் பிழை என்பது இதனால் விளங்கும்.

இந்தக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. மேல்நிலை வகுப்பில் கலப்பெண்களைப் படிக்கும்போது டி மாய்வர் தேற்றத்தைச் சந்தித்திருப்பீர்கள். அந்த டி மாய்வரும், அவருக்குப் பின் லாப்லாசும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இவ்வகைக் கணக்குகளை ஆராய்ந்தனர். 1930-இல் போல்யா என்னும் அறிஞர் வாடிக்கையாளர்களை ஈர்க்கும் வணிக முறையோடு தொடர்புபடுத்தி இதனை எழுதினார். 1961-இல் எர்டோஷ், ரெனீ ஆகிய அங்கேரியக் கணித மேதைகள் இதனை மேலும் நுணுக்கமாக விளக்கினர். ஆகவே இது மறைபொருளன்று; முந்நூறு ஆண்டுகளாக அறிவுலகம் அறிந்த ஒன்று. விற்பவர் அறிந்திருக்க, வாங்குபவர் மட்டும் அறியாதிருத்தலே வருந்தத்தக்கது.

இப்பொழுது பத்துக்குப் பதிலாக நூறு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். அதே முறையில் கூட்டினால் 519 முயற்சிகள் வருகின்றன. ஓர் அட்டை 20 ரூபாய் வீதம் நூறு அட்டைகளையும் நேரே விலைக்கு வாங்க முடியுமாயின் 2,000 ரூபாய் போதும். மூடிய உறையில் வாங்கினாலோ சராசரியாக 10,375 ரூபாய் ஆகும். தொகுப்பு பெரிதாகுந்தோறும் ஓர் அட்டைக்கு விழும் செலவும் ஏறுகிறது. பத்து அட்டைத் தொகுப்பில் ஓர் அட்டைக்கு ஏறத்தாழ 3 முயற்சி. ஐம்பதுக்கு 225 முயற்சிகள், அதாவது அட்டைக்கு நான்கரை. நூறுக்கு ஐந்துக்கும் சற்று மேல். இருநூறுக்கு 1,176 முயற்சிகள், அதாவது அட்டைக்கு ஏறத்தாழ ஆறு.

என் பெயரனின் ஆறு அட்டைகளுக்கு வருவோம். ஆறு எஞ்சியிருக்கும்போது அடுத்ததற்கு 100/6, அதாவது 16.7 முயற்சிகள். பின்னர் 20, 25, 33.3, 50, கடைசி ஒன்றுக்கு மட்டும் 100. கூட்டினால் 245. முதல் தொண்ணூற்று நான்கு அட்டைகளுக்கு 274 முயற்சிகள். கடைசி ஆறு அட்டைகளுக்கு 245 முயற்சிகள்! அதாவது, 94 அட்டைகளைச் சேர்த்தவன் வழியில் பாதியைச் சற்றே கடந்தவன். அவன் கேட்ட 500 ரூபாயன்று, சராசரியாக 4,900 ரூபாய் வேண்டும். இதனை அவனே தாளில் எழுதிக் கூட்டினான். கூட்டி முடித்தபின் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு மெல்ல ஓர் உண்மையைச் சொன்னான்: இதுவரை அவன் செலவிட்ட தொகை ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பகுதி, பருவத் தேர்வுக் கட்டணத்துக்கென அவன் தாய் அனுப்பிய பணம்.

அவன் கேட்ட முதற் கேள்வி இது: "ஆனால் தாத்தா, இத்தனை முறை வராமலிருந்த அட்டை இனிமேலாவது வந்தாக வேண்டுமல்லவா?" இஃது அறிவுடையோரையும் மயக்கும் கேள்வி. பைக்குள் இருக்கும் பாக்குக்கு நினைவு இல்லை. முன்னர் எத்தனை முறை ஏமாற்றினோம் என்பது அதற்குத் தெரியாது. நூறில் ஒரு வாய்ப்புள்ள கடைசி அட்டைக்காக நூறு மாணவர்கள் ஆளுக்கு நூறு உறைகள் வாங்கினால், அவர்களுள் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையுடன் நிற்பர். இருநூறு உறைகளுக்குப் பின்னும் 13 பேருக்கு வந்திராது. முந்நூறுக்குப் பின்னும் ஐவர் காத்திருப்பர். அந்த ஐவருள் ஒருவருக்கு முந்நூற்று ஒன்றாவது உறையில் அட்டை வரும் வாய்ப்பு, புதிதாக வந்தவனுக்கு உள்ள அதே நூறில் ஒன்றுதான். சராசரி என்பது பலரைச் சேர்த்துக் காண்பது. தனி ஒருவருக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழியன்று.

இதுவரை நான் எடுத்துக்கொண்டது எல்லா அட்டைகளுக்கும் சம வாய்ப்பு உள்ள எளிய நிலை. நடைமுறையில் பல விளையாட்டுகளில் அரிய அட்டைகள், மிக அரிய அட்டைகள் என்று தரம் பிரிக்கப்பட்டுள்ளன. 'ஹார்த்ஸ்டோன்' விளையாட்டின் வாய்ப்புகள் 2017-இல் சீனாவில் வெளியிடப்பட்டபோது, ஐந்து அட்டைகள் கொண்ட உறைகளில் மிக உயர்ந்த தரத்து அட்டை சராசரியாக இருபது உறைகளுக்கு ஒன்று என்பது தெரியவந்தது. அதுவும் அத்தரத்தில் ஏதேனும் ஓர் அட்டை. நாம் விரும்பிய அட்டை அன்று. வேண்டாத அட்டையை உடைத்துத் தூளாக்கி வேண்டியதைச் செய்துகொள்ளும் வசதியும் அதில் உண்டு. ஆனால் உயர்தர அட்டையை உடைத்தால் கிடைப்பது 400 அளவு தூள். ஒன்றைச் செய்ய வேண்டுவது 1,600. நான்கைக் கொடுத்து ஒன்றைப் பெறும் பண்டமாற்று அது.

'போக்கிமான்' கைப்பேசி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் தொகுப்பில் 286 அட்டைகள். ஓர் உறையில் ஐந்து அட்டைகள். மகுடச் சின்னம் பெற்ற மிக அரிய அட்டை, வழக்கமான உறையின் நான்காம் இடத்தில் வருவதற்கான வாய்ப்பு 0.04 விழுக்காடு, ஐந்தாம் இடத்தில் 0.16 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 0.2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஐந்நூறு உறைகளுக்கு ஒன்று. ஒவ்வோர் உறையைத் திறக்கும்போதும் 5 புள்ளிகள் தரப்பட்டன. 2,500 புள்ளிகள் சேர்ந்தால் அந்த மகுட அட்டையை நேரே பெறலாம். 2,500-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஐந்நூறு! இரக்கத்தால் தரப்பட்டது போலத் தோன்றும் சலுகையும் அதே கணக்கின்படி அளந்தே வைக்கப்பட்டிருக்கிறது. பணம் செலுத்தாதவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஓர் உறை இலவசம். அவர் ஐந்நூறு உறைகளைத் திறக்க 250 நாட்கள் ஆகும். எனினும் ஒன்று சொல்ல வேண்டும். வாய்ப்புகளை வெளியிட்டு, உச்சவரம்பும் வைக்கும் விளையாட்டு, எதையும் வெளியிடாத விளையாட்டினும் நேர்மையானது. உச்சவரம்பு இருந்தால், 'முந்நூறுக்குப் பின்னும் வராத ஐவர்' என்னும் துன்பத்துக்கு ஓர் எல்லை ஏற்படுகிறது.

மற்றொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பல விளையாட்டுகளில் உறையை ரூபாயில் வாங்க முடியாது. முதலில் ரூபாயைக் கொடுத்து 'மணிகள்' வாங்க வேண்டும். மணிகளைக் கொடுத்தே உறை வாங்க வேண்டும். மணிகள் 500 கொண்ட கட்டாக விற்கப்படுகின்றன, ஓர் உறைக்கு 120 மணிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு உறைகள் வாங்கியபின் 20 மணிகள் எஞ்சும். அவற்றால் எதுவும் வாங்க இயலாது. விடவும் மனம் வராது. எனவே இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். அன்றியும், 'நூற்றிருபது மணி' என்னும்போது அது எத்தனை ரூபாய் என்பது மனத்தில் உறைப்பதில்லை. சந்தையில் நம் தாய்மார்கள் கத்தரிக்காயின் விலையைக் கேட்டுவிட்டே முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். கைப்பேசியிலோ ஒரு விரலசைவில் பணம் போய்விடுகிறது; முடிச்சும் இல்லை, அவிழ்க்கும் நேரமும் இல்லை.

அரசுகள் இதனைப் பாராமல் இருந்துவிடவில்லை. ஜப்பானில், பல அட்டைகளைக் குலுக்கல் முறையில் விற்று, குறிப்பிட்ட சில அட்டைகளை முழுமையாகச் சேர்த்தவருக்கு மட்டும் பெரும் பரிசு தரும் முறை ஒன்று பரவியிருந்தது. 'கம்ப்ளீட் காச்சா' என்பது அதன் பெயர். 2012 மே மாதத்தில் அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை அம்முறை பரிசுப் பொருள்கள் பற்றிய சட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குலுக்கல் விற்பனை முழுவதையும் அந்நாடு தடை செய்யவில்லை. 'முழுமையாகச் சேர்த்தால் பரிசு' என்னும் ஒன்றையே தடுத்தது. காரணம் இப்பொழுது உங்களுக்கு விளங்கும். ஓர் அட்டை பெறுவதற்கான செலவை எவரும் ஓரளவு ஊகிக்கலாம். முழுத் தொகுப்புக்கான செலவை ஊகிக்கும்போதுதான் மனம் பெரிதும் ஏமாறுகிறது. பாக்குப் பையைப் பார்த்துப் பதினைந்து என்று என் பெயரன் ஊகித்ததும், உண்மை இருபத்தொன்பதாக இருந்ததும் இதற்குச் சான்று.

சீனா 2017 மே முதல் இத்தகைய விளையாட்டுகள் வாய்ப்புகளை வெளியிட வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு இறுதியில் ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் இடம்பெறும் செயலிகளுக்கு அவ்விதியை ஏற்படுத்தியது. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளில் பணத்துக்கு விற்கப்படும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டமெனவே தீர்மானித்தது. நம் தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இணையவழிப் பண விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆனால் இச்சட்டங்களின் முதன்மையான குறி, பணம் கட்டிப் பணம் வெல்லலாம் என்று ஆசை காட்டும் ஆட்டங்களே. பணமாக மாற்ற இயலாத படத்துக்காகப் பணம் செலவிடும் மாணவனைச் சட்டம் வாயிற்படியில் நின்று தடுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவனுக்குக் காவல் அவன் கற்ற கணக்கே.

அட்டைகளை முழுமையாகச் சேர்த்துவிட்டால் அவை நம் உடைமையாகுமா என்பதும் எண்ணத்தக்கது. 2016-இல் வெளிவந்த 'டியூலிஸ்ட்' என்னும் அட்டை விளையாட்டு 2020 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதில் மக்கள் சேர்த்து வைத்திருந்த அட்டைகள் அன்றோடு ஆட்டத்துக்கு உதவாமற்போயின. தீப்பெட்டிப் படம் மங்கினாலும் பெட்டிக்குள் கிடக்கும். மின்னணு அட்டையோ நடத்துபவர் விளக்கை அணைத்தால் அணைந்துவிடும்.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் பெயரனிடம் அன்று மாலை அதனைச் சொன்னேன். அதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருக் கடையில் மிட்டாயுடன் படம் ஒன்று தருவார்கள். படங்கள் 24, அனைத்தையும் சேர்த்தால் ஒரு பந்து பரிசு. இருபத்து மூன்று வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவேயில்லை. என் தாய் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த சில்லறையிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் காசாக எடுத்தேன். ஒருநாள் அவர் வைத்த பணம் குறைந்ததற்காக, வீட்டில் வேலைக்கு வந்த மூதாட்டி மீது ஐயம் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. அம்மூதாட்டி மறுநாளிலிருந்து வரவில்லை. சில மாதங்களுக்குப் பின் கடைக்காரரே சிரித்துக்கொண்டு சொன்னார்: அந்த இருபத்து நான்காவது படம் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லையாம்.

அப்படி ஒன்றை அச்சிடாமலேயே விடுவதும் உலகில் நடந்ததுதான். 1933-இல் அமெரிக்காவில் கௌடி என்னும் சூயிங்கம் நிறுவனம் 240 பேஸ்பால் அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டபோது 106-ஆம் எண் அட்டையை வெளியிடவே இல்லை. குழந்தைகள் அதனைத் தேடி வாங்கிக்கொண்டே இருந்தனர். முறையிட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு அடுத்த ஆண்டில்தான் அந்த அட்டை அனுப்பப்பட்டது. வாய்ப்புகளை வெளியிட வேண்டும் என்று இன்று சட்டம் கேட்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும்.

பெயரன் இறுதியாக ஒரு வாதத்தை முன்வைத்தான். "இப்பொழுது நிறுத்திவிட்டால் செலவிட்ட ஐயாயிரமும் வீண் அல்லவா?" என்றான். எங்கள் சேலம் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் உழவர் பலரிடம் இக்குரலை நான் கேட்டிருக்கிறேன். எண்ணூறு அடி போய்விட்டோமே, இன்னும் நூறு அடி போவோம் என்பார்கள். எண்ணூறு அடிக்குக் கொடுத்த பணம் நிறுத்தினாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. எனவே முடிவெடுக்கும்போது அதனைக் கணக்கில் சேர்த்தல் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இனிமேல் செலவிடப்போகும் பணத்துக்கு இனிமேல் கிடைக்கப்போவது ஈடாகுமா? கிணற்றிலாவது நீர் வந்தால் மரவள்ளி விளையும். அவனுடைய 4,900 ரூபாய்க்கு ஆறு படங்கள் விளையும்.

நண்பர்களே, விளையாட்டே வேண்டாம் என்று நான் கூற வரவில்லை. விளையாட்டும் சேகரிப்பும் இளமைக்கு இயல்பு. அஞ்சல் தலை சேர்த்து நிலநூல் கற்றவர்கள் பலர். நான் கூறுவன சிலவே. முதலாவது, தொடங்கும் முன்பே தொகுப்பில் எத்தனை அட்டைகள், ஒவ்வொன்றின் வாய்ப்பு என்ன என்று தேடிப் படியுங்கள். சம வாய்ப்பாயின் நான் சொன்ன பின்னங்களைக் கூட்டுங்கள். அரிய அட்டைகள் இருப்பின், மிக அரியது ஒன்றின் வாய்ப்பைத் தலைகீழாக்கினாலே குறைந்தபட்சச் செலவு தெரிந்துவிடும். இரண்டாவது, மணிகளை ரூபாயாக மாற்றித் தாளில் எழுதுங்கள். மூன்றாவது, விடுபட்டதை நேரே வாங்கவோ நண்பருடன் மாற்றவோ வழியுள்ள விளையாட்டையே தேர்ந்தெடுங்கள். இத்தாலியின் பனினி நிறுவனம் தன் கால்பந்து ஒட்டுப்படங்களில் விடுபட்டவற்றைத் தனியே கேட்டு வாங்க வழி செய்திருப்பது இவ்வகையினது.

மாற்றிக்கொள்வதன் பயனை ஒரு சிறு கணக்கால் காணலாம். இரண்டே அட்டைகள் கொண்ட தொகுப்பை ஒருவர் நிறைவு செய்யச் சராசரி மூன்று உறைகள் வேண்டும். இருவர் தனித்தனியே சேர்த்தால் ஆறு உறைகள். இருவரும் கூடி, வந்ததைப் பகிர்ந்துகொண்டால் ஐந்தரை உறைகள் போதும். தொகுப்பு பெரிதாகுந்தோறும் இந்த மிச்சமும் பெருகும். தீப்பெட்டிப் படம் சேர்த்த சிறுவர்கள் இதனை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தனர். அவ்வழியை அடைத்துவிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியே வாங்கச் செய்வதில்தான் விற்பவரின் வருவாய் பெரும்பாலும் அடங்கியுள்ளது.

அன்று இரவு என் பெயரன் தன் தாயிடம் தானே தொலைபேசியில் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. தேர்வுக் கட்டணத்தை நான் கடனாகக் கொடுத்தேன். மாதந்தோறும் 300 ரூபாய் வீதம் திருப்பித் தருகிறான். அந்தத் தொகுப்பு இன்றும் தொண்ணூற்று நான்கிலேயே நிற்கிறது. பத்துப் பாக்குகளையும் மஞ்சள் பையையும் அவன் தன் விடுதிக்கு எடுத்துச் சென்றுவிட்டான். அறைத் தோழர்கள் எவரேனும் "இன்னும் ஆறுதான்" என்று சொல்லும்போது, அப்பையை எடுத்து அவர்கள் முன் வைப்பதாக எழுதியிருக்கிறான்.